என் குழம்பின் மேல் விழுந்த பழி

எங்கள் தெருவில் யாருக்கு வயிறு வலித்தாலும் முதல் பழி படமரத்தின் மேல்தான் விழும். நெய்த பட்டைச் சுற்றிக்கொள்கிற அந்தக் கட்டை, குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் வயிற்றுக்கு நேர் எதிரே கிடக்கும். குனிந்து, குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை வீசும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே இடிக்கும். அதனால் ஏப்பம், எரிச்சல், பசியின்மை, காரணமில்லாத கோபம் எல்லாவற்றுக்கும் "படமரம் இடிக்குதுபா" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களில் இதை மறுத்துப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை.

என் கணவருக்கு மேல்வயிறு எரிய ஆரம்பித்தபோது நாங்களும் படமரத்தைத்தான் பிடித்தோம். பழைய துண்டை நாலாக மடித்து இடையில் செருகினார். எரிச்சல் அடங்கவில்லை. சின்னத் தலையணை ஒன்றை வைத்தார். தலையணை வந்ததும் கை சரியாக எட்டாமல் வீச்சு தப்பி, சேலையின் கரை கோணிக்கொண்டது. அதைப் பிரித்து மறுபடி நெய்த அன்று அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் படமரம் நிரபராதி என்று விடுதலையானது. அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

ஏற்றியவர் என் நாத்தனார். என் கணவரின் அக்கா, அவரைவிட நன்றாகவே மூத்தவர், அடுத்த தெருவில் இருக்கிறார். தம்பியின் வயிற்றின் மேல் அவருக்கு ஒரு பாத்தியதை உண்டு. பல் முளைக்காத தம்பிக்கு முறுக்கையும் பொரி உருண்டையையும் தன் வாயில் மென்று கூழாக்கி ஊட்டியவர் அவர். இதை எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடுவார். ரேஷன் அரிசியில் ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்பார்.

"நான் மென்னு ஊட்டி வளத்த வயிறுபா இது. இதுக்கு இன்னா ஒத்துக்கும், இன்னா ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியாதா? உன் பொண்டாட்டி போடற மிளகாத்தூளு சுண்ணாம்புச் சுவத்தையே அரிச்சிடும். உன் வயிறு எம்மாத்திரம்?"

என் காரக்குழம்பைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அடக்கமாகச் சொல்ல முயன்றேன், வரவில்லை. சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் கறுக வறுத்து, நானே வறுத்து அரைத்த தூளைப் போட்டு, எண்ணெய் மேலே பிரிந்து மினுங்குகிற வரைக்கும் கொதிக்கவிட்டு இறக்கினால், வாசனை தெருமுனை வரை போகும். பக்கத்து வீட்டில் ரசம் வைத்தவர்கள் அன்று கிண்ணத்தோடு வருவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர் என்னிடம் அதிகம் பேசமாட்டார், ஆனால் அந்தக் குழம்பைப் பார்த்தால் தட்டை நக்காத குறையாகச் சாப்பிடுவார். எங்களுக்குள் சினேகம் வந்ததே அந்த வழியில்தான். அந்தக் குழம்பைத்தான் அவருடைய அக்கா விஷம் என்றார்.

அன்றிலிருந்து ஒரு மூன்றடுக்குக் கேரியர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அடியில் குழைந்த சாதம், நடுவில் உப்பு போட்டதா இல்லையா என்று தெரியாத பூசணிக்காய்க் கூட்டு, மேலே மோர். நாத்தனார் மத்தியானம் தானே கொண்டுவந்து, தம்பி கடைசிக் கவளம் விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். என் கணவரும் பயந்துபோய் என் சமையலை விட்டுவிட்டார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, என் கையால் வைத்த குழம்பைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், அக்கா வீட்டுப் பூசணிக்காயைத் தின்றார். நான் தனியாக எனக்கு மட்டும் குழம்பு வைத்து, தனியாகச் சாப்பிட்டு, எச்சில் தட்டை நானே டமாரென்று போட்டுக் கழுவுவேன்.

சாப்பாடு வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. பலகாரமோ, பழமோ, ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் அரிசியோ போட்டுக் கொடுக்க வேண்டும். நானும் வழக்கத்தை மீறவில்லை. கேரியரைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, மேலடுக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு மூடிக் கொடுப்பேன். எறும்புக்குக்கூடப் போதாத சர்க்கரை. நாத்தனாருக்கு அது புரியும், புரிந்தது எனக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கள் சண்டை இப்படி மரியாதையாக நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வரதராஜர் கோயில் இட்லியை மட்டும் நாத்தனாரே வாங்கிவந்து தம்பிக்கு ஊட்டுவார். மிளகும் சுக்கும் சீரகமும் தாராளமாகப் போட்ட இட்லி, சாப்பிட்டால் காது சூடாகும்.

"அண்ணி, இதுல மிளகு இல்லியா?" என்று கேட்டேன்.

"சாமி மிளகு வயித்த அறுக்காதும்மா" என்றார்.

பெருமாள் மிளகு ஒரு ஜாதி, என் மிளகாய் வேறு ஜாதி என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பூசணிக்காயும் மோரும் இரண்டு வருஷம் உள்ளே போயும் எரிச்சல் தீரவில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ரோஸ் கலர் மருந்தைப் பாட்டிலோடு வாயில் கவிழ்ப்பார், ஒரு மணி நேரம் அடங்கும். முதுகுவலிக்கு வேறு அதே கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். ஓர் ஆடி மாதக் காலையில் தறிக்குழியிலிருந்து எழுந்தவர், தறியில் நீளவாட்டில் கட்டிய பாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முகம் வெளுத்து வேர்வையாகக் கொட்டியது. பாவு நூலைப் பிடித்து நிற்கிற மனிதரில்லை அவர், வேறு யாராவது பிடித்தால் கையை உடைப்பார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. என்ன என்று உலுக்கிக் கேட்டபோது, நாலைந்து நாளாக வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுவில் அவர், ஒரு பக்கம் நான், மறுபக்கம் நாத்தனார். வழி நெடுக நாத்தனார் அழுதுகொண்டே ஒன்றையே சொன்னார்: "கொழம்பு கொழம்புன்னு ஊத்தி என் தம்பி கொடல அறுத்துட்டா." மற்ற நாளாக இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். அன்று வாய் திறக்கவில்லை. என் கணவரின் சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவேளை நிஜமாகவே நான்தானோ என்று நினைத்தேன். அந்த ஆட்டோவில் நானே என்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இரத்தம் ஏற்றினார்கள். பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண். அதிலிருந்துதான் இரத்தம் கசிந்திருக்கிறது. குழாய் விட்ட டாக்டர் சின்னப் பெண், சிரித்த முகம். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். நான் படத்தைப் பார்க்கவில்லை.

"நான் கொழம்புல காரம் தூக்கலா போடுவேன் டாக்டர்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

"ஐயோ அம்மா, மிளகா மேல பழி போடாதீங்க. மிளகா புண்ணு உண்டாக்காது. இது கிருமி. ஹெலிகோபாக்டர் பைலோரின்னு பேரு. முதுகுவலி மாத்திரையும் சேந்து பெருசாக்கியிருக்குது. அந்த மாத்திரைய இன்னியோட நிறுத்துங்க. புண்ணு ஆறற வரைக்கும் காரத்தக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம், அவ்ளோதான்."

அழுகை பாதியில் நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்."

"மிளகாயால வரல. கிருமியால வந்துச்சு."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். "அண்ணி, கொஞ்சம் உள்ள வாங்க. டாக்டரம்மா இன்னாமோ சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க கேளுங்க."

டாக்டர் மூன்றாவது முறையும் சொன்னார். பாவம், எதற்கு இத்தனை முறை கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நாத்தனார் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். பிறகு, "அது சரி, கிருமி எதுல வந்துச்சு? துன்ற சோத்துல தான?" என்றார். நான் ஜெயித்த ஜெயம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை.

அந்தக் கிருமியின் மேல் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் இது, என் வீட்டுக்குள் புகுந்து, செய்வதையெல்லாம் செய்துவிட்டு, பழியை என் குழம்பின் மேல் போட்டது? அடுத்த முறை போனபோது டாக்டரை விடாமல் கேட்டேன். வயிற்றில் ஊறுகிற அமிலத்தில் எலும்பே கரையுமாமே, இது மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது? அவரும் சலிக்காமல் சொன்னார்.

அமிலத்தின் நடுவே அது ரொம்ப நேரம் நிற்காதாம். வயிற்றின் உட்சுவரில் கொழகொழவென்று ஒரு பூச்சு இருக்கிறது, நம் அமிலம் நம்மையே அரிக்காமல் காப்பாற்றுகிற பூச்சு. திருகாணி மாதிரி முறுக்கிய உடம்பை வைத்துக்கொண்டு அந்தப் பூச்சுக்குள் குடைந்து போய்விடும். போகிற வழியில் அமிலம் தாக்காமல் இருக்க, தன்னைச் சுற்றி அம்மோனியாவைக் கிளப்பிக்கொள்ளும். அமிலம் பக்கத்தில் வந்தால் அங்கேயே நீர்த்துப்போகும். நம் சுவரைக் காப்பாற்ற நாம் பூசி வைத்த பூச்சிலேயே அது குடித்தனம் வைத்துவிடுகிறது.

"சரி, நம்ம உடம்புல எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு இருக்குதே, அது தூங்குதா?" என்றேன்.

"தூங்கலம்மா. வருது, தேடுது. ஆனா அடையாளம் தெரியாது" என்றார் டாக்டர். "நம்ம வயித்துச் சுவத்துல இருக்கற சர்க்கரைக் கோலம் மாதிரியே அந்தக் கிருமி தன் மேல்தோல்ல போட்டுக்கும். பாக்கறதுக்கு நம்ம ஆளு மாதிரியே இருக்கும்."

இது எனக்கு உடனே புரிந்தது. கடைத்தெருவில் தினம் நடக்கிற கதைதான். விசைத்தறியில் ஓட்டிய சேலையை, நம் கரையையும் நம் புட்டாவையும் அப்படியே போட்டுக் கைத்தறி என்று விரித்துக் காட்டுவார்கள். மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் இருக்காது. நாங்கள் மேலே பார்க்கமாட்டோம், சேலையைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்போம். உடம்பின் காவல்காரர்களுக்குத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை.

அது மட்டுமில்லை. அந்தக் கிருமிக்கு நீந்துவதற்கு வால்கள் உண்டு. மற்றக் கிருமிகளின் வாலைப் பார்த்ததும் நம் உடம்பில் அபாய மணி அடிக்குமாம். இது தன் வாலைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறது, மணி அடிக்காது. அதையும் மீறிக் காவல் அணுக்கள் வந்து சேர்ந்தால், ஒரு நஞ்சைக் கக்கி அவற்றைப் பெருகவிடாமல் மந்தமாக்கிவிடும். போதாததற்கு, "விடுங்கப்பா, சும்மா இருங்க" என்று சமாதானம் பேசுகிற ஒரு ரக அணுக்கள் நம் உடம்பிலேயே இருக்கின்றனவாம், அவற்றைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும். எஞ்சிய காவல்காரர்கள் கோபத்தில் தாக்குவது கிருமியின் மேல் படாமல் நம் சுவரின் மேலேயே படும். புண் அப்படியும் வருகிறது. மருந்து கொடுத்து விரட்டினாலொழிய இது ஆயுசு முழுக்க இருக்கும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "உங்க உடம்புல இருக்கற போலீசு உங்கள மாதிரியே இருக்குது. யாரு வந்து இன்னா சொன்னாலும் நம்பிடுது."

மாத்திரைகளைக் கொடுத்தார்கள். நாலு ரகம், இரண்டு வேளை, இரண்டு வாரம். வாயில் எப்போதும் இரும்பைச் சப்புகிற ருசி என்று முனகிக்கொண்டே தின்று முடித்தார். சில வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை. எதையோ கரைத்துக் குடிக்கவைத்து, ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். கிருமி உள்ளே இருந்தால், அது அம்மோனியா கிளப்பும் அதே வித்தையை நாம் குடித்ததன் மேலும் காட்டுமாம். அந்தக் காற்று மூச்சில் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பட்டுதானா என்று பார்க்க நாங்கள் ஒரு நூலைக் கொளுத்தி மோந்து பார்ப்போமே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் கன்னம் உப்ப ஊதினார்.

கிருமி உள்ளேயேதான் இருந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் கேரியரில் பூசணிக்காயைக் கூட்டினார். டாக்டர், மாத்திரையை விடாமல் சாப்பிட்டாரா என்று முதலில் கேட்டார். சில சமயம் மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் இருக்கும், வேறு மருந்து தரலாம் என்றார். பிறகு சாதாரணமாக, "வீட்ல ஒரே டம்ளர்ல வாய் வெச்சுக் குடிப்பீங்களா? எச்சில் வழியாவும் இது வரலாம்" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எச்சிலா? எங்கள் வீட்டிலா? தண்ணீரென்றாலும் காப்பியென்றாலும் தூக்கித்தான் குடிப்போம், விளிம்பு உதட்டில் படாது. ஒருவர் கடித்ததை இன்னொருவர் தொடமாட்டோம். சாப்பிட்ட கையோடு கரண்டியைத் தொட்டால் என் கணவர் ஊரைக் கூட்டுவார்.

"எங்க வீட்ல எச்சில் பாப்போம் டாக்டர். அந்தப் பேச்சுக்கே எடமில்ல" என்று சொல்லிவிட்டு விறைப்பாக எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்தோம். கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடாவும் இரண்டு ஆளும் வேண்டும். குழியில் அவர், பக்கத்தில் பலகை போட்டு நான். நாடாவுக்குள் இருக்கும் தார்க்குச்சியில் நூல் தீர்ந்தால் புதுத் தாரைப் போட்டு, நாடாவின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாக நூல் நுனியை வெளியே எடுக்க வேண்டும். அந்தத் துளைக்குள் விரல் போகாது. துளையில் உதட்டை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் நாக்கு நுனிக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். யார் கை சும்மா இருக்கிறதோ அவர் உறிஞ்சி மற்றவரிடம் கொடுப்பார்.

அவர் ஒரு நாடாவை உறிஞ்சி என்னிடம் நீட்டினார். நான் வாங்கி வீசினேன். சற்று நேரத்தில் அதில் நூல் தீர்ந்தது. நான் தாரை மாற்றி, உதட்டை வைத்து உறிஞ்சி அவரிடம் நீட்டினேன். வாங்க வந்த கை பாதியில் நின்றது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இருவரும் நாடாவைப் பார்த்தோம்.

"இது எச்சில்ல சேத்தியா?" என்றார்.

"பின்ன இன்னா, தீர்த்தமா?"

"தறிக்கு எச்சில் தோசம் கெடையாதே" என்று இழுத்தார். அவர் குரலிலேயே சுரத்தில்லை.

எனக்குச் சிரிப்புப் பொங்கிவிட்டது. பலகையிலிருந்து விழப்போனேன். என் குழம்பைக் கண்டால் காத தூரம் ஓடிய மனிதர், டம்ளர் விளிம்பு உதட்டில் பட்டால் சண்டைக்கு வருகிற மனிதர், கல்யாணமான நாளிலிருந்து பொழுது விடிந்தால் பொழுது போனால் நாடாவை நடுவில் வைத்துக்கொண்டு என்னோடு வாயோடு வாய் வைத்திருக்கிறார். புருஷன் பெண்டாட்டி நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தது எங்களுக்கே தெரியாது. அவருக்கும் முகம் சிவந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

டாக்டரிடம் போய் இதைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாடாவால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உங்களுக்கும் பார்த்துவிடலாம் என்றார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு எனக்கு. ஒரு நாள்கூட எரிந்ததில்லை. சிரித்துக்கொண்டே ஊதினேன். எனக்கும் இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. நாத்தனாரின் குரல் காதில் கேட்டது: "பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன். அவகிட்டருந்துதான் வந்துச்சு." இத்தனை நாள் குழம்பின் மேல் இருந்த பழி இப்போது என் வாயின் மேலேயே வந்து உட்காரப்போகிறது. என் உடம்பின் காவல்காரர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். என் கணவருடைய ஆட்களாவது அடித்துப் பிடித்துப் புண்ணாக்கினார்கள். என் ஆட்கள் அதற்குப் பாய் விரித்துப் படுக்கவைத்திருக்கிறார்கள்.

"கவலப்படாதீங்கம்மா, இது நெறையப் பேருக்கு இருக்கும். பாதிப் பேருக்கு மேல ஒரு தொந்தரவும் பண்ணாது, இருக்கறதே தெரியாது" என்றார் டாக்டர். "பெரும்பாலும் சின்னப் பிள்ளையிலயே வீட்ல ஒட்டிக்கறதுதான். பெரியவங்க மென்னு குழந்தைக்கு ஊட்டுவாங்க பாருங்க, அதுலகூட வரலாம்."

என் கணவர் தலையைத் தூக்கி மின்விசிறியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். நான் அவரையே பார்த்தேன். முறுக்கு. பொரி உருண்டை. நான் மென்னு ஊட்டி வளத்த வயிறு.

வெளியே வந்ததும் அவர் சொன்னார், "அக்காகிட்ட இதச் சொல்லாத."

"ஏன் சொல்லக் கூடாது? ரெண்டு வருசமா ஊரெல்லாம் என் கொழம்பச் சொல்லிக்கினு திரிஞ்சாங்களே."

"சொல்லாதன்னா சொல்லாத, அவ்ளோதான்."

சொல்லவில்லை. ஆனால் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அரிசி களையும்போது ஒரு விதமாக, தார் சுற்றும்போது வேறு விதமாக. கோபமாகச் சொல்வதைவிட மெதுவாக, அக்கறையாகச் சொல்வதுதான் அதிகம் உறைக்கும் என்று முடிவுசெய்தேன். "பாவம் அண்ணி, நீங்க இன்னா வேணும்னா செஞ்சீங்க?" என்று ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

இந்த முறை வேறு மாத்திரைகள், இரண்டு பேருக்கும் சேர்த்து. ஒருவர் மறந்தால் இன்னொருவர் விடமாட்டோம். நாடாத் துளைக்கு மெல்லிய கம்பியை முனையில் வளைத்து ஒரு கொக்கி செய்துகொண்டோம். நூலை அதில் மாட்டி இழுக்கக் கொஞ்சம் நேரமாகும். முதல் சில நாள் என்னையறியாமல் நாடா உதட்டுக்குப் போகும், அவர் "ஏய்!" என்பார். பக்கத்துத் தறிக்காரர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். நாத்தனாருக்கும் வருஷக்கணக்கில் ஏப்பம், நெஞ்சுக் கரிப்பு உண்டு. அவர் அதை உருளைக்கிழங்கின் மேல் போட்டிருந்தார். "நீயும் ஒரு தபா காட்டிக்கக்கா" என்று மட்டும் என் கணவர் சொல்லிவைத்தார், காரணம் சொல்லவில்லை.

மருந்து முடிந்து, டாக்டர் சொன்ன நாள் கழித்து, இரண்டு பேரும் ஊதினோம். இரண்டு பேருக்கும் இல்லை. புண்ணும் ஆறிவிட்டது, இனி எல்லாம் சாப்பிடலாம் என்றார் டாக்டர். நான் பஸ்ஸிலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய காலோடு அடுப்படிக்குப் போய்ச் சுண்டைக்காய் வற்றலை எடுத்தேன்.

என் கணவர் சாதத்தைக் குழியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழம்பை ஊற்றினேன், மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். முதல் கவளத்தில் கண் கலங்கியது, இரண்டாவதில் மூக்கு ஒழுகியது, மூன்றாவதில் தட்டை என் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். எனக்கு அது போதும்.

அப்போது வாசலில் நாத்தனார், கையில் கேரியரோடு. தம்பியின் தட்டைப் பார்த்தார். சிவப்பாக எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. நான் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கேரியரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. தம்பி பேச்சைக் கேட்டுத் தானும் போய்க் காட்டியதாகவும், தனக்கும் அதே கிருமிதான் என்றும், ஒரு வாரமாக அந்த மாத்திரையைத்தான் தின்றுகொண்டிருப்பதாகவும் சொன்னார்.

"நாக்கு செத்துப் போச்சும்மா. எதத் துன்னாலும் இரும்பு மாதிரி இருக்குது." கொஞ்ச நேரம் குழம்புச் சட்டியையே பார்த்தார். "எனக்கும் ஒரு கை போடேன்."

"மாத்திரை சாப்பிட்றப்ப காரம் சாப்பிடலாமா அண்ணி?"

"டாக்டரம்மா சொல்லுச்சே, மிளகா மேல பழி போடாதீங்கன்னு. மிளகா ஒண்ணும் பண்ணாதாம்."

இரண்டு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதைச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிவிட்டு, தட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். சாதம் போட்டுக் குழம்பு ஊற்றினேன். பிசைந்தார், சாப்பிடவில்லை.

"அந்த டாக்டர் பொண்ணு கேட்டுச்சு" என்றார், தட்டைப் பார்த்தபடியே. "சின்ன வயசுல யாருக்காவது மென்னு ஊட்னீங்களான்னு. ஏன்மா கேக்கறன்னேன். அதுலகூட வரும்னுச்சு." பிசைந்த சாதத்தையே மறுபடி பிசைந்தார். "என் தம்பிக்கு நான்தான் குடுத்தேனா?"

என் கணவர் கவளத்தோடு அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். அக்கறையாகச் சொல்வதற்கு நான் ஏற்பாடு செய்து வைத்திருந்த வாசகம் முழுசாக நாக்கில் நின்றது. ஆட்டோவில் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தானோ என்று நினைத்த நினைப்பும் கூடவே வந்தது. எனக்கு நாத்தனார் மேல் இரக்கம் வந்தது. வந்ததில் எனக்கே எரிச்சல்.

"யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாதாம் அண்ணி. எனக்கும்தான் இருந்துச்சு. நாடா வழியா நான்கூடக் குடுத்திருக்கலாம். சோறு ஆறுது, சாப்புடுங்க."

சாப்பிட்டார். கண்ணிலிருந்து வந்தது காரத்தாலா வேறு எதனாலா என்று நான் பார்க்கவில்லை. முடிக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உறப்பு முன்ன மாதிரி இல்லியே" என்றார். அவருடைய வாய் அது.

கேரியரில் இருந்த பூசணிக்காயை என் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, கேரியரைத் தேய்த்துக் கழுவினேன். சர்க்கரை டப்பாவை எடுக்கவில்லை. அடியில் குழம்பு, நடுவில் குழம்பு, மேலேயும் குழம்பு ஊற்றி மூடிக் கொடுத்தேன். நாத்தனார் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, கனமா இருக்குது?" என்றார்.

"ஆட்டாம எடுத்துக்கினு போங்க அண்ணி, சிந்திடும்" என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்.